ரைபிளைவிடப் பெரிதாகிவிட்ட உதிரிபாகம்: அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தின் இழுபறி

அமெரிக்காவில் துப்பாக்கியின் ஓசையைக் குறைக்கும் சைலன்சருக்கு 1934 முதல் விதிக்கப்பட்டு வந்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் பூஜ்ஜியமாகிவிட்டது. அதிபர் டொனால்ட் டிரம்ப் 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்திட்ட வரி, செலவினச் சட்டத்தில் இடம்பெற்ற மாற்றம் இது. குழலின் நீளம் 16 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள ரைபிள்களுக்கும் இச்சலுகை பொருந்தும். பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் நீடிக்கிறது. (இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் ஓசையைக் குறைக்கும் துணைக்கருவியைத் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே வைத்துள்ளது, உரிமமின்றி அதை வைத்திருக்க இயலாது.)

அண்மைக் காலமாக அங்கு நடைபெறும் சட்டப் போராட்டங்களில் பல, துப்பாக்கியைவிட அதில் பொருத்தப்படும் பாகங்களையே மையமாகக் கொண்டவை. பெரும்பாலும் 0.223 அங்குலத் தோட்டாவைப் பயன்படுத்தும் ஏஆர்-15 வகை ரைபிள், பாகம் பாகமாகக் கழற்றி மாற்றும் வகையில் அமைந்தது. வாங்கியவரே குறிபார்க்கும் கருவி, கைப்பிடி, தோள்கட்டை, விசை ஆகியவற்றை மாற்றிக்கொள்ளலாம். இவற்றில் பல வசதிக்கானவை. அவற்றால் சட்டத்துக்குச் சிக்கல் இல்லை. சுடும் வேகத்தைத் தொடும் பாகங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது.

விசையின் ஒரே இயக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களைத் தானாகச் சுடுவதே இயந்திரத் துப்பாக்கி என்கிறது 1934-ஆம் ஆண்டுச் சட்டம். 1986 மே மாதத்துக்குப் பின் தயாரிக்கப்பட்ட இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வைத்திருக்கத் தடை உள்ளது. எனவே, அந்த வரையறைக்குள் சிக்காமல் அதே வேகத்தை நெருங்கும் பாகத்துக்குச் சந்தையில் தனி மதிப்பு.

'பம்ப் ஸ்டாக்' எனப்படும் தோள்கட்டை அத்தகையது. சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பால் ரைபிள் முன்னும் பின்னும் நகர்ந்து, விரலில் விசை மீண்டும் மீண்டும் மோதுகிறது. 2010-இல் இதை இயந்திரத் துப்பாக்கி அல்ல என அரசு முகமையே ஏற்றது. 2017 அக்டோபர் 1 இரவு, லாஸ் வேகாஸ் இசை விழாவில் திரண்டிருந்த கூட்டத்தை நோக்கி விடுதி ஒன்றின் 32-ஆவது மாடியிலிருந்து சுமார் பத்து நிமிடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் சுடப்பட்டன. 60 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகே, டிரம்பின் முதல் பதவிக்காலத்தில், 2018 டிசம்பரில் தடை விதி வெளியானது.

அத்தடை நீடிக்கவில்லை. டெக்சாஸ் துப்பாக்கிக் கடை உரிமையாளர் மைக்கேல் கார்கில் தொடுத்த வழக்கில், 2024 ஜூன் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் விதியை ரத்து செய்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசை தனித்தனியே இயங்குவதால் இது வரையறைக்குள் வராது என்றார் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். சுடுபவர் ஒருமுறை தொடங்கினால் போதும் என்பதே முக்கியம் என மறுத்தார் நீதிபதி சோனியா சோட்டோமயோர். பெரும்பான்மையுடன் உடன்பட்ட நீதிபதி சாமுவேல் அலிட்டோ, நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தலாம் எனச் சுட்டிக்காட்டினார். இயந்திரத்தின் நுட்பத்தை அளந்த நீதிமன்றம் அதன் விளைவை அளக்கவில்லை என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும், 1934-இன் சொற்களைத் திருத்தாமல் விட்ட நாடாளுமன்றத்தின் பொறுப்பு அதனினும் பெரிது.

தீர்ப்பின் தாக்கம் அத்துடன் நிற்கவில்லை. சுட்டவுடன் விசையைத் தானே முன்னிலைக்குத் தள்ளும் 'ஃபோர்ஸ்டு ரீசெட்' விசை தொடர்பான வழக்குகளில், அதன் தயாரிப்பு நிறுவனத்துடன் நீதித்துறை அமைச்சகம் 2025 மே மாதம் சமரசம் செய்துகொண்டது. கைத்துப்பாக்கிகளுக்கு அத்தகைய விசையை உருவாக்குவதில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ரைபிளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

மாநிலங்கள் தனிவழி செல்கின்றன. பார்க்லாந்து பள்ளித் துப்பாக்கிச்சூட்டை அடுத்து புளோரிடா 2018-இலும், லாஸ் வேகாஸ் அமைந்துள்ள நெவாடா 2019-இலும் 'பம்ப் ஸ்டாக்'கைத் தடை செய்தன. இத்தகைய மாநிலச் சட்டங்களை 2024 தீர்ப்பு தொடவில்லை. தடை இல்லாத மாநிலங்களில் அந்தக் கட்டை மீண்டும் சட்டப்படி விற்பனைக்குரிய பொருளாகிவிட்டது.