பஞ்சுத் தூசியும் நெஞ்சுக் கபமும்

கபத்தை அருவருக்கத்தக்க கழிவென்று எண்ணுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம் என்றாலும், உள்ளே புகும் தூசியைத் தன் பசையில் ஒட்டவைத்துக்கொண்டு, விநாடிக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல் வீசும் நுண்மயிர்களால் உந்தப்பட்டுத் தொண்டைவரை ஏறிவந்து, நாம் அறியாமலே விழுங்கப்பட்டுவிடும் அந்தத் திரவமே சுவாசக் குழாய்களின் காவல் என்பதை உணர்ந்தவர்கள் அதை இகழமாட்டார்கள்.

ஆனால் அந்தக் காவலின் சக்திக்கும் எல்லை உண்டு. கோவை வட்டாரத்து நூற்பாலைகளில், பஞ்சுப் பேல்களைப் பிரித்து உதறும் ப்ளோ ரூமிலும் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் யந்திரங்களின் அருகிலும் ஷிப்டு முழுவதும் நின்று வேலை செய்கிறவரின் புருவத்திலும் மூக்கோரத்திலும் வெளேரென்று படிந்திருக்கும் தூசியைக் கண்டவர்கள், கண்ணுக்குப் புலப்படாத துகள் எவ்வளவு நெஞ்சுக்குள் போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அத்துகளோடு சேர்ந்து செல்லும் பாக்டீரியா நச்சு சுவாசக் குழாய்களின் சவ்வை அழற்சியுறச் செய்ய, கபம் சுரக்கும் உயிரணுக்கள் பெருகி, சுரப்பிகள் பருத்து, கபம் மிகுந்து கெட்டிப்படுகிறது. அதை நகர்த்தவேண்டிய நுண்மயிர்களோ சேதமுற்றுச் சோர்ந்துவிடுகின்றன. இருமித் தள்ளுவதன்றிச் சரீரத்துக்கு வேறு உபாயம் இல்லாமற் போகிறது. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளிலேயே நெஞ்சு இறுகிப் பிடிப்பது, பிஸினோசிஸ் என்னும் பஞ்சுத்தூசி நோயின் பிரத்தியேக லட்சணம். பீடி குடிப்பவராயின் உபாதை இரட்டிக்கும்.

சணலும் ஆளிநாரும் சிக்கெடுப்போர் தூசியால் இருமித் துன்புறுவதை, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி எழுதிவைத்தார். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலும், அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக பிஸினோசிஸ் சேர்க்கப்பட்டது. இவ்வளவும் இருந்தும், தூசிக்கு மாற்றென்று ஒரு வெல்லக்கட்டியைக் கொடுத்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்வதோடு திருப்தியடைகிற மனோபாவம் நம் நாட்டில் இன்னும் மறையவில்லை. தின்ற வெல்லம் இரைப்பைக்குப் போகுமேயன்றிச் சுவாசக் குழாய்க்குப் போகாது; துண்டின் நெசவு நுண்துகளைத் தடுக்காது.

தூசி எழும் யந்திரத்தின் வாயிலேயே அதை உறிஞ்சி அகற்றுவதுதான் மெய்யான பரிகாரம். அமெரிக்காவில் 1978-இல் நூற்புப் பகுதிகளுக்கு, கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கலாகாது என்று அரசாங்கம் விதித்தபோது ஆலை முதலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1981-இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியை நிலைநிறுத்தியது. நம் ஆலைகளிலும் காற்றின் தூசியைத் தவறாது அளக்கவேண்டும்; வாரத்தின் முதல் நாளில் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் தொழிலாளரைக் கருவியில் ஊதச் செய்து, மூச்சின் வலு குறையக் கண்டவரைச் சம்பளம் குறையாமல் தூசியற்ற பகுதிக்கு மாற்றவேண்டும்; இவற்றை முதலாளிகளின் தயவுக்கு விடாமல் அரசாங்கமே கண்டிப்புடன் மேற்பார்வையிடவேண்டும்.