பரணை இடிக்கிறவர்களுக்கும் பூஜிக்கிறவர்களுக்கும்

ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீடு கைமாறினால் முதலில் உயிரை விடுவது அதன் பரண். அடுத்தது சுவர் அலமாரி, அதற்கடுத்தது பத்தாயம். திண்ணையைக்கூட ஸ்கூட்டி நிறுத்த ஆகும் என்று கொஞ்ச நாள் விட்டுவைப்பார்கள். சாமான் வைக்கிற இடங்களுக்கு மட்டும் அந்தக் கருணை கிடையாது. "இதெல்லாம் வேஸ்ட் சார், எடுத்துட்டா ரூம் எவ்ளோ பெருசாவுது பாருங்க." இதைச் சொல்லாத மேஸ்திரியை நான் திருச்சியில் இன்னும் பார்க்கவில்லை.

என் கட்சி இதுதான். ஒரு பொந்து எதற்காக இருந்தது என்று தெரியாமல் அதை இடிப்பது மடத்தனம். தெரியாமலே அதைக் கும்பிடுவதும் மடத்தனம்தான். முதலில் கண்டுபிடி, அப்புறம் மாற்று. இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் ஊரில் பாதி வீடுகளைக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

அடையவளஞ்சான் வீதியில் எங்களுக்கு வந்து சேர்ந்த வீட்டை வைத்தே சொல்கிறேன். வீதிக்கு அகலம் காட்டாமல் பின்னால் நீளமாக ஓடும் வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், அதனால் பக்கவாட்டில் ஜன்னல் இல்லை. காற்றும் வெளிச்சமும் முற்றம் வழியாகத்தான் வரவேண்டும். போதாததற்கு ஊரே ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இங்கே ஈரம் விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். 1924 காவிரி வெள்ளத்தைப் பற்றி இன்னும் கதை சொல்கிறார்கள். 2005 நவம்பரில் திருச்சியின் பல பகுதிகளில் தண்ணீர் புகுந்ததை என் வயதுக்காரர்களே பார்த்திருக்கிறோம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பொருளை எங்கே வைப்பது, எவ்வளவு உயரத்தில் வைப்பது, அதற்குக் காற்று எங்கிருந்து வரும் என்பதெல்லாம் அலங்காரக் கேள்விகள் அல்ல.

அடுப்பங்கரைப் பரணைப் பாருங்கள். கீழே விறகடுப்பு. புகை மேலே ஏறி, பலகை இடுக்குகளில் நுழைந்து, ஓட்டுச் சந்தில் வெளியேறும். புகை ஏறிய இடத்தில் பூச்சி தங்காது, ஈரமும் தங்காது. விதைச் சுரைக்காயும் புளிப் பானையும் அங்கே இருந்ததற்குக் காரணம் அதுதான். பரண் என்பது வெறும் பலகை இல்லை. பலகையும் அடுப்பும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. கேஸ் அடுப்பு வந்த அன்றே அந்த ஏற்பாட்டில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை நாம் பரண் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அதில் கொலு பொம்மையை வைத்துவிட்டு, அடுத்த நவராத்திரிக்கு எடுக்கும்போது, "பூஞ்சை பிடிச்சிருக்கே, அந்தக் காலத்துல இப்படி இல்லையே" என்று ஆச்சரியப்படுகிறோம். அந்தக் காலத்தில் புகை இருந்தது, அம்மா!

பத்தாயமும் அப்படித்தான். தரையில் படாமல் கால்கள் மேல் நிற்கும் மரப்பெட்டி. நெல்லை மேலே கொட்டவேண்டும், அடியில் உள்ள சின்னத் திறப்பு வழியாக எடுக்கவேண்டும். பழைய நெல் முதலில் வெளியே வரும், புது நெல் காத்திருக்கும். குதிருக்கும் இதே கணக்கு. பெரிய கோயிலின் கொட்டாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் களஞ்சியங்கள் வட்டமானவை. நெல் சுவரை எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி தள்ளும், அதனால் வட்டச் சுவர் தாங்கும். மூலை இல்லாத இடத்தில் பழைய தானியமும் புழுவும் ஒதுங்க வழியில்லை. கட்டியவர்கள் அழகுக்காக மட்டும் வளைக்கவில்லை.

பழைய பாய்மரப் படகு வாங்குகிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. அந்தப் படகுகளில் படுக்கைக்கு அடியில், இருக்கைக்கு அடியில், மூலை முடுக்கில் எல்லாம் மூடி போட்ட அறைகள் இருக்கும். லாக்கர் என்பார்கள். விவரம் தெரிந்தவர் வாங்கியதும் ரம்பத்தை எடுக்கமாட்டார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். உள்ளே வரும் தண்ணீர் எங்கே வடிகிறது? எந்தப் பலகை வெறும் தடுப்பு, எது படகின் உடம்பையே பிடித்துக்கொண்டிருக்கிறது? கதவில் ஏன் இடுக்கு விட்டிருக்கிறார்கள்? காற்று போகாவிட்டால் பூஞ்சை வரும் என்று புரிந்த பிறகுதான் புதுத் தட்டு அடிப்பார். கடலில் தப்பாக அறுத்தால் தண்டனை உடனே கிடைக்கும். ஸ்ரீரங்கத்தில் தண்டனை இரண்டு மழைக்காலம் கழித்து வருகிறது, அதற்குள் கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை.

அந்தத் தண்டனை எப்படி இருக்கும் என்றால், சுண்ணாம்புச் சுவரில் பொதிந்த அலமாரியைப் பெயர்த்துவிட்டு, சிமெண்ட் பூசி, அதன்மேல் மரத்தூள் பலகையில் மாடுலர் கிச்சன் மாட்டுவார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளேயே பூட்டிவிடும். சுவர் உப்புப் பூத்துப் பொரியும். பலகை ஊறி, ஊதி, கதவு சாத்தாது. பக்கத்து வீட்டில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இதுவரை தலையாட்டிக்கொண்டு வந்த மரபுப் பிரியர்கள் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அடுத்தது உங்களுக்கு.

பத்தாயத்தை வார்னிஷ் அடித்து வரவேற்பறையில் நிறுத்தி, மேலே பித்தளை உருளியில் பூ மிதக்கவிட்டு, இன்ஸ்டாவில் 'வேர்கள்' என்று எழுதுகிறீர்களே, அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் பல வருடம் வேலை செய்த ஒரு அம்மாவிடம் பத்தாயத்தைப் பற்றிக் கேட்டேன். அடித்திறப்பு எப்படி இயங்கும், வேப்பிலையும் நொச்சியும் எந்த அடுக்கில் போடவேண்டும் எல்லாம் சொன்னார். வீட்டுக்காரர்களில் யாருக்கும் அது தெரியாது. கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நெல்லு கொட்டுறது நாங்க தம்பி, தெறக்கிறது அவங்க."

இதையும் சேர்த்துக் கண்டுபிடிப்பதுதான் கண்டுபிடிப்பு. பத்தாயத்தில் ஒரு வருடத்து நெல் நின்றது என்றால் அதை விளைவித்தவர் வீட்டில் எத்தனை நாளைக்கு நின்றது? சாவி யார் இடுப்பில் இருந்தது? பரண் மேல் ஏறி இறங்கியது எந்த முழங்கால்? எழுபது வயதில் ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு அண்டா எடுக்கும் அம்மாக்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்த உயரத்தை அப்படியே காப்பாற்றுவதற்குப் பெயர் மரபு என்றால், எனக்கு அந்த மரபு வேண்டாம்.

ஆகவே மாற்றினோம். பரணில் பாதியைக் கழற்றினோம். மீதிப் பலகைகளை அரை விரல் இடைவெளி விட்டு மறுபடி அடுக்கினோம். புகை செய்த வேலையைக் கொஞ்சமாவது செய்ய, மேலே ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். கழற்றிய பலகையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டு, அம்மாவுக்காக. பத்தாயத்தின் கால்களைத் தொடவில்லை. முன்பலகைகள் காடியில் செருகியவை, ஆணி இல்லை. கீழ்ப்பாதியை உருவிவிட்டு இழுப்பறை வைத்தோம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்ததும் கடைக்காரர்கள் 26 கிலோ மூட்டைக்கு மாறினார்கள் இல்லையா, அந்த மூட்டை சரியாக உட்காருகிற அளவு. உருவிய பலகைகளை எண் போட்டு வைத்திருக்கிறோம். யாராவது திரும்பச் செருக நினைத்தால் செருகலாம். சுவர் அலமாரிக்குள் யாரோ பூசியிருந்த சிமெண்டைக் கொத்தியெடுத்து மறுபடி சுண்ணாம்பு. கதவு மட்டும் புதிது, இடுக்கு விட்டது.

இதற்கு இரண்டு தச்சர்கள் மாட்டேன் என்றார்கள். "புதுசா செஞ்சா சீக்கிரம் முடியும்" என்றார்கள். அது உண்மை. புதிதாகச் செய்வது எப்போதுமே சீக்கிரம்தான், ஏனென்றால் யாரிடமும் எதையும் கேட்கவேண்டியதில்லை.

ஸ்ரீரங்கம் கோயில் புனரமைப்புக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தபோது ஊரே பூரித்தது. நியாயமான பூரிப்பு. ஆனால் மதிலுக்குள் காட்டிய அந்தப் பொறுமை, மதிலுக்கு வெளியே நம் சொந்த அடுப்பங்கரைக்கு வரும்போது ஏன் ஒரு மதியத்துக்குக்கூட இருப்பதில்லை? விருதெல்லாம் வேண்டாம். இடிக்கிற ஆள் வருவதற்கு முதல் நாள் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணில் ஏறுங்கள். கூடவே அந்த வீட்டில் வேலை செய்தவர் யாராவது இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். பிறகு என்ன வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளுங்கள்.