ஒரு துண்டு ரொட்டி

சிறைச்சாலைக்குள் போவதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பார்த்தது மட்டுமல்ல, நானும் அந்த வரிசையில் ஒருவனாக நின்றேன். தென்னாப்பிரிக்காவில், கேப் டவுன் துறைமுகத்தில், ராபன் தீவுக்குப் போகும் படகுக்காகத்தான்!

ராபன் என்றால் டச்சு மொழியில் கடல்நாய்கள் என்று அர்த்தம். கேப் டவுன் துறைமுகத்திலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தூரம். படகு புறப்பட்டதும், உச்சியைச் சீவி எடுத்ததுபோல் தட்டையாக நிற்கும் 'மேஜை மலை'யை எல்லோரும் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். தீவில் இறங்கிப் பார்த்தால், அங்கிருந்தும் அந்த மலையும் ஊரும் நன்றாகத் தெரிகின்றன. கண்ணுக்கு எதிரே ஊர். நடுவிலே உடம்பை விறைக்க வைக்கும் குளிர்ந்த கடல். இதைவிடப் பெரிய மதில் எதற்கு?

நிறவெறி சர்க்கார் 1961-ம் ஆண்டு முதல் இந்தத் தீவைச் சிறையாக நடத்தியது. கடைசி அரசியல் கைதி வெளியேறியது 1991-ல். 1997-ல் இது காட்சிசாலை ஆயிற்று. 1999-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது.

முதலில் பஸ்ஸில் ஏற்றிச் சுண்ணாம்புக் கல் குவாரியைக் காட்டுகிறார்கள். வெயில் பட்டால் வெள்ளைக் கல் கண்ணைக் கூசச் செய்கிறது. ஐந்து நிமிஷம் நிற்பதற்குள் நான் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். நெல்ஸன் மண்டேலாவும் தோழர்களும் இங்கே வருஷக் கணக்கில் கல் உடைத்தார்கள். கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்; அது கிடைப்பதற்கே சில வருஷங்கள் பிடித்தன. அதற்குள் பலருடைய கண் கெட்டுவிட்டது.

பிறகு சிறைக் கட்டடம். அங்கே எங்களை அழைத்துச் சென்றவர் ஒரு முன்னாள் கைதி. வயதானவர், மெதுவாக நடந்தார். மண்டேலாவின் அறையைக் காட்டினார். மூன்று எட்டு வைத்தால் எதிர்ச் சுவர் வந்துவிடும். கீழே ஒரு பாய், ஒரு வாளி. 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளை அந்த மனிதர் இந்தத் தீவில் கழித்தார். கம்பிக் கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரே நெரிசல்!

ஆனால், வாசகர்களே, என்னை நிறுத்திவைத்தது அந்த அறையல்ல. வேறோர் அறையில் இருந்த ஓர் அறிவிப்புப் பலகை. கைதிகளுக்கு என்னென்ன சாப்பாடு என்ற பட்டியல் அது. அதிலே இரண்டு பத்திகள். 'பி' என்பது கலப்பினத்தாருக்கும் ஆசியருக்கும். 'ஸி' என்பது கறுப்பருக்கு. பி-யில் ரொட்டி உண்டு, ஜாம் உண்டு. ஸி-யில் இரண்டும் கிடையாது.

வழிகாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் இந்தியர் அல்லவா? உங்களுக்கு ரொட்டி உண்டு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு என்னவோ சுருக்கென்றது.

'ஏ' எங்கே என்று கேட்கிறீர்களா? வெள்ளைக் கைதிகளை இந்தத் தீவுக்கே அனுப்பவில்லை. 1964-ம் ஆண்டு ஜூன் மாதம் மண்டேலாவோடு சேர்த்து எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அவர்களில் ஒருவர் வெள்ளையர். அவரைப் பிரிட்டோரியாவில் வைத்துக்கொண்டார்கள். ஆறு பேர் கறுப்பர். எஞ்சிய ஒருவர் அகமது கத்ராடா. பெற்றோர் குஜராத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள். ஏழு பேரிலும் அவர்தான் இளையவர், வயது 34. மண்டேலாவுக்கு 45, வால்டர் சிசுலுவுக்கு 52. இளையவருக்கு முழுக்கால் சட்டை. பெரியவர்களுக்கு அரைக்கால் சட்டை! அந்த நாட்டில் கறுப்பர் கிழவராக இருந்தாலும் வெள்ளையர் வாயில் 'பையன்'தான். பையனுக்கு எதற்கு முழுக்கால் சட்டை?

மண்டேலா இதை எதிர்த்தார். கொஞ்ச நாளில் அவர் அறையில் மட்டும் ஒரு பழைய முழுக்கால் சட்டையைப் போட்டுவிட்டுப் போனார்கள். மற்றவர்களுக்கு இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்று அவர் தகராறு செய்ய, அதையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கத்ராடாவுக்கு ரொட்டி தொண்டையில் இறங்குமா? எனக்கும் வேண்டாம் என்று மறுத்துவிடலாமா என்று அவர் யோசித்தார். மூத்தவர்கள் தடுத்தார்கள். கிடைத்ததை விட்டுவிடாதே, எல்லோருக்கும் அதுவே கிடைக்கப் போராடுவோம். சமத்துவம் என்பது கீழே இறங்குவதல்ல, எல்லோரையும் மேலே ஏற்றுவது என்பது அவர்கள் கட்சி. எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று சிறையில் அறிவித்தது 1979-ல். ஒரு துண்டு ரொட்டிக்குப் பதினைந்து வருஷம்! அந்தக் கத்ராடாதான் பிற்காலத்தில் இந்தக் காட்சிசாலையின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவராக இருந்தார்.

ஒருவனை நசுக்குவதற்கு அடியும் உதையும் போதும். பத்துப் பேரைப் பிரிப்பதற்கு ஒரு துண்டு ரொட்டி போதும் என்று அந்தச் சர்க்கார் கணக்குப் போட்டது. கணக்கு இவர்களிடம் பலிக்கவில்லை.

திரும்பி வரும் படகில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அநியாயக்காரர்கள் என்று மனசுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருக்கும். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்குக் காப்பி கொடுக்கிற டம்ளர். எங்கள் வீட்டு 'ஸி' பத்தி!

ஊர் வந்ததும் மனைவியிடம் தீவின் கதையைச் சொல்லி, அந்த டம்ளரைப் பற்றியும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் வந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. இதைப் பார்ப்பதற்கு நீங்கள் ஆப்பிரிக்கா வரைக்கும் போக வேண்டியிருந்ததாக்கும்?" என்றாள்.

மறுநாள் ஜன்னலில் டம்ளர் இல்லை. எங்களுடைய டம்ளர்களில் ஒன்றில் காப்பியை ஊற்றி நீட்டினாள் மனைவி. அந்த அம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை. "என் டம்ளர் எங்கேம்மா?" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.