தலை சுற்றினால் கண்ணைப் பார்க்கிறார்கள், ஏன்?

ஊட்டிக்கு வந்து இறங்கியதும் தலை சுற்றினால், பலரும் மலை உயரத்தின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டரைத் தாண்டிய பிறகுதான் தலைகாட்டும். இறங்கியதும் வரும் கிறுகிறுப்புக்கு, ஏறி வந்த பாதையே பெரும்பாலும் காரணம். மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டி மலைப்பாதையில் 36. வண்டி திரும்புவதை உள்காது உணர்கிறது. செல்போனில் பதிந்திருக்கும் கண்ணோ, எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரட்டுகிறது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிவதால் டிரைவருக்கு வாந்தி வருவது அரிது. இறங்கி ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் இந்தத் தொல்லையை இத்துடன் விட்டுவிடலாம்.

வளைவு எதிலும் ஏறி இறங்காமல், எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போதோ லயன் வீட்டில் படுத்திருக்கும்போதோ வரும் தலைசுற்றல் வேறு கதை. பித்தம் என்பார்கள், பிரஷர் என்பார்கள், ரத்தம் கம்மி என்பார்கள். இஞ்சிச் சாறும் ஓர் ஊசியும் உடனே வந்துவிடும். ஆனால் விவரம் தெரிந்த மருத்துவர் முதலில் நோயாளியின் தலையைத் திருப்பி, கண்ணைத்தான் கவனிப்பார். காதில் கோளாறா என்று அறியக் கண்ணை எதற்குப் பார்க்க வேண்டும்?

கையில் இருக்கும் இந்தப் பக்கத்தை வேகமாக இடமும் வலமும் ஆட்டிப் படித்துப் பாருங்கள். எழுத்து கலங்கிவிடும். இப்போது பக்கத்தை அசைக்காமல், அதே வேகத்தில் தலையை ஆட்டிப் படியுங்கள். எழுத்து நிலையாக நிற்கும். கண்ணால் பார்த்து, பிறகு விழியைத் திருத்துவதற்கு மூளைக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடி தேவை. உள்காது அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. ஒவ்வொரு காதிலும் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள், தலை திரும்பிய நூறில் ஒரு பங்கு நொடிக்குள் விழியை எதிர்த்திசையில் திருப்பிவிடுகின்றன. காதின் வேலை கண்ணில் தெரிவது இதனால்தான். இந்தத் துறைக்கு வழிகாட்டிய வியன்னா மருத்துவர் ராபர்ட் பாராணி, காதுக்குள் வெந்நீரும் குளிர்ந்த நீரும் விட்டு விழியசைவைப் பார்த்தவர். 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி.

தண்ணீரும் வேண்டாம், கையே போதும் என்று 1988-இல் காட்டியவர்கள் சிட்னியைச் சேர்ந்த ஹால்மாகியும் கர்தாய்ஸும். நோயாளி மருத்துவரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவர் தலையை இரு கையாலும் பிடித்து, எதிர்பாராத நொடியில் ஒரு பக்கமாக வெடுக்கென்று சிறிதளவு திருப்புவார். அந்தப் பக்கக் காது நன்றாக இருந்தால் பார்வை மூக்கை விட்டு அகலாது. பழுதாகியிருந்தால் விழி தலையோடு போய்விட்டு, பிறகு ஒரு குதி குதித்து மூக்குக்குத் திரும்பும். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு இதைச் செய்யக்கூடாது. வீட்டில் ஒருவர் தலையை ஒருவர் திருப்பிப் பார்ப்பதும் கூடாது.

இனிமேல்தான் பலரும் தடுமாறும் இடம். திடீரென்று தொடங்கி, மணிக்கணக்காக ஓயாமல் சுற்றுகிறது, வாந்தி, விழி தானாகவே துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் இந்தச் சோதனையில் விழி குதித்தால் ஓரளவு ஆறுதல், கோளாறு அநேகமாகக் காது நரம்பில். குதிக்காவிட்டால், அதாவது சோதனை 'நார்மல்' என்றால், அதுதான் பயப்பட வேண்டிய முடிவு. காது ஒழுங்காக இருக்கிறது, அப்படியானால் சுற்றலுக்குக் காரணம் சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ ஏற்பட்ட பக்கவாதமாக இருக்கலாம். இதோடு, பார்க்கும் திசைக்கேற்ப விழித்துடிப்பு திசை மாறுகிறதா, கண்களை மாற்றி மாற்றி மூடும்போது விழி மேலும் கீழும் நகர்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். காது கேட்பது திடீரென்று குறைந்திருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டிருக்கலாம்.

அமெரிக்காவில் 101 நோயாளிகளிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், இந்த மூன்று சோதனைகளும் பக்கவாதம் ஒன்றையும் தவறவிடவில்லை. தொடக்கத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் 12 சதவீதம் பேரிடம் தவறவிட்டது. மண்டையின் பின்பகுதியைப் பொறுத்தவரை சி.டி. ஸ்கேன் அதைவிடப் பலவீனம். ஆகவே கோவைக்கு இறங்கி ஸ்கேன் எடுத்து 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும், கண்ணைப் பார்க்காத வரை பரிசோதனை முடிந்ததாகாது. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: அந்த ஆய்வில் பார்த்தவர்கள் தேர்ந்த நிபுணர்கள். செலவில்லாத சோதனைதான், ஆனால் பழகாத கை செய்தால் தப்பாகப் போகும். ஸ்கேனுக்காக மலையிறங்க வேண்டிய ஊர்களில் இதைத்தான் மருத்துவர்களுக்கு முதலில் பழக்க வேண்டும் என்பேன். ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

படுக்கையில் புரளும்போதோ பரணை அண்ணாந்து பார்க்கும்போதோ மட்டும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் சுற்றல் இன்னொரு வகை. இருக்க வேண்டிய இடத்திலிருந்து பெயர்ந்த சுண்ணாம்புத் துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுவதால் வருவது. இதற்கு மேலே சொன்ன சோதனை பொருந்தாது. தலையை ஒரு பக்கம் திருப்பி, கட்டிலில் சட்டென்று சாய்த்து விழித்துடிப்பைப் பார்க்கும் முறையை டிக்ஸும் ஹால்பைக்கும் 1952-இல் விவரித்தார்கள். துகள்களைத் திரும்ப வெளியேற்ற எப்லி வகுத்த தலைத் திருப்பல்களுக்குச் சில நிமிடங்களே ஆகும். எஸ்டேட் டிஸ்பென்சரியின் கட்டிலே போதும். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டிய நோய் அல்ல இது.

சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை, கைகால் மரத்துப்போதல், பிடித்துக்கொண்டாலும் நிற்க முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் வேறெதற்கும் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். வந்து வந்து போகும் சுற்றலுக்கு வேறொரு சிக்கல்: மருத்துவரிடம் போய்ச் சேருவதற்குள் விழித்துடிப்பு நின்றிருக்கும். சுற்றும்போதே நல்ல வெளிச்சத்தில், கண்ணைத் திறந்து வைக்கச் சொல்லி, யாராவது அரை நிமிடம் செல்போனில் படம் பிடித்து வைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.