வெட்டுக்கிளி வகைப்பாடும் மரபணுச் சான்றும்

பெயரிடுதல் அறிவின் முதற்படி. வகைப்படுத்துதல் அதன் அடுத்த படி. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்துக் காட்டிய தொல்காப்பிய மரபியலைப் பயில்வோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஆதலின், வெட்டுக்கிளிகளை எவ்வாறு இனம் பிரிப்பது என உயிரியலாரிடையே நிகழும் உரையாடலில் தமிழாசிரியன் ஒருவன் கருத்துரைப்பது வரம்பு மீறிய செயலாகாது என நம்புகிறேன்.

இஃது ஏட்டளவில் நிற்கும் சிக்கலன்று. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டங்கள் இராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் இறங்கியபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் வெட்டுக்கிளிகளைக் கண்டு உழவர்கள் அஞ்சினர். அவை உள்ளூர் வகையைச் சார்ந்தவை என அதிகாரிகள் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. இனப்பெயர் பிழைத்தால் தேவையற்ற நஞ்சு வயலில் விழும். உண்மைப் பகையோ தப்பிச் செல்லும்.

உருவமும் ஒலியும்

நெடுங்காலமாக உருவமே இனத்திற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆயின் உருவம் இருவகையில் ஏமாற்றவல்லது. தனித்து வாழும்போது ஒரு நிறமும் வடிவும், திரண்டு வாழும்போது வேறொரு நிறமும் வடிவும் கொள்ளும் வெட்டுக்கிளியை அறிஞர்கள் இரண்டு இனங்களாக எண்ணி இரண்டு பெயர்களால் வழங்கினர். அவை ஓரினத்தின் இரு நிலைகளே என 1921இல் உவரோவ் எடுத்துக்காட்டினார். இதற்கு மறுதலையாக, ஐரோப்பியப் புல்வெளிகளில் வாழும் கோர்த்திப்பஸ் பேரினத்தில் பிகுட்டுலஸ், புருன்னியஸ், மோல்லிஸ் என்னும் மூன்றும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றுவன. ஆண்பூச்சி பின்தொடையை முன்சிறகில் உரசி எழுப்பும் ஒலியோ மூன்றிலும் வெவ்வேறு. பெண்பூச்சி அவ்வொலியைக் கொண்டே தன்னினத் துணையைத் தெரிகிறது. கண்ணுக்குப் புலப்படாத வேற்றுமையைச் செவி காட்டிவிடுகிறது.

மரபணுவின் ஆற்றல்

பின்னர் மரபணுச் சான்று வந்தது. அதன் பெருமையைக் குறைத்துரைக்க எவராலும் இயலாது. பாலைவன வெட்டுக்கிளியின் உறவினங்கள் பலவும் அமெரிக்கக் கண்டங்களில் வாழ்கின்றன. அஃதொன்றே ஆப்பிரிக்க, ஆசிய நிலங்களுக்குரியது. மூதாதை எக்கரையில் தோன்றிற்று என்பது நீண்ட நாள் வழக்கு. 2006இல் வெளிவந்த மரபணு ஆய்வு, ஆப்பிரிக்காவிலிருந்தே பண்டு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து சென்றிருத்தல் வேண்டும் எனக் காட்டிற்று. 1988இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட ஒரு கூட்டம் கரீபியத் தீவுகளை உயிருடன் எட்டிய நிகழ்ச்சி, அத்தகைய பயணம் இயலாததன்று என்பதற்குச் சான்று. உருவத்தைக் கொண்டு தீராத வழக்கை மரபணு தீர்த்துவைத்தது.

இடைச்செருகலான எழுத்துகள்

எனினும் மரபணுவும் பிழையாத சாட்சியன்று. 2003இல் கனடா நாட்டு அறிஞர் பால் ஹெபர்ட், இழைமணியிலுள்ள ஒரே மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகளைப் படித்து விலங்கினங்களை அடையாளம் காணலாம் என்றார். கடைப்பொருளின் பட்டைக்குறி போன்ற எளிய வழி இது. ஆனால் இழைமணி மரபணுவின் பழம்படிகள் உயிரணுவின் உட்கருவிலும் புகுந்து தங்கிவிடுவதுண்டு. புலம்பெயர் வெட்டுக்கிளியின் மரபுத்தொகுதி மனிதனுடையதைப் போல் இருமடங்குக்கும் மிகுந்தது. இத்தகைய பழம்படிகள் வெட்டுக்கிளிகளில் மலிந்து கிடக்கின்றன. ஆய்வாளர் மூலத்தைப் படிப்பதாக எண்ணிப் பழம்படியையும் சேர்த்துப் படித்துவிட்டால், ஓரினம் பலவினமாகத் தோன்றும். வெட்டுக்கிளிகளையும் நன்னீர் இறால் வகையொன்றையும் ஆராய்ந்து 2008இல் ஹோஜுன் சாங் முதலிய நால்வர் இதனை மெய்ப்பித்தனர். மேற்கூறிய கோர்த்திப்பஸ் மூன்றிலோ நிலை தலைகீழ்: ஒலி தெளிவாகப் பிரிக்கும் அவற்றை இப்பட்டைக்குறியால் பிரிக்க முடிவதில்லை.

சுவடி பார்த்தோர்க்கு இந்நிலை புரியும். எம்.ஃபில். ஆய்வின்போது ஒரே ஒரு சுவடியை நம்பி நானும் ஒரு பாடத்தை முடிவு செய்தேன். நெறியாளர் வேறொரு சுவடியை என்முன் விரித்து வைத்தார். நான் மூலம் என்று போற்றியது பிற்கால இடைச்செருகல். அன்று நாணித் தலைகுனிந்தேன். அப்பாடம் இன்றளவும் துணை நிற்கிறது. சுவடி பொய் சொல்லவில்லை. அதனை ஒப்பிடாமல் படித்த நானே பிழைசெய்தேன்.

ஒப்பீடே நெறி

ஆகவே என் கருத்து இதுதான். மரபணுவைத் தள்ளுதல் பேதைமை. அதனையே நீதிபதியாக்குதல் அதனினும் பெரும் பேதைமை. அது வலிமை வாய்ந்த ஒரு சாட்சி, எனினும் சாட்சியே. உருவம், ஒலி, வாழிடம், உட்கரு மரபணுக்கள் பல ஆகிய அனைத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த பின்னரே புதிய இனத்திற்குப் பெயரிடுதல் தகும். கருவி விரைந்து விடை தருகிறது என்பதற்காக, வயலில் இறங்கிப் பூச்சியைக் கண்ணாற் காணவும் அதன் ஒலியைச் செவியாற் கேட்கவும் வல்ல வகைப்பாட்டறிஞரைக் கைவிடுதல் கூடாது. அவ்வறிவு ஒருமுறை அற்றுப்போனால் எக்கருவியும் அதனை மீட்டுத் தராது.

அன்பு மாணவர்களே! விலங்கியல் ஆய்வகமும் தமிழ்த்துறையின் நூலகமும் ஒரே நெறியைத்தான் கற்பிக்கின்றன. ஒரு சாட்சியின் சொல்லைக் கேட்டுத் தீர்ப்பெழுதாதீர்கள். அது வெட்டுக்கிளியைப் பற்றியதாயினும் சரி, மனிதரைப் பற்றியதாயினும் சரி.