முதலில் தருமச்சாலை

ஆன்மிக இயக்கங்கள் இன்று ஊர்தோறும் பெருகியுள்ளன. தியான வகுப்புகள், தீட்சைகள், பெருங்கூடங்கள், ஆண்டுவிழாக்கள் என அவற்றின் வளர்ச்சி கண்கூடு. ஆயினும் அங்கே மிகுதியாய் ஒலிப்பது ‘என் அமைதி, என் உயர்வு, என் வீடுபேறு’ என்னும் வேட்கையே. அண்டை வீட்டான் பட்டினி கிடந்தால், அஃது அவன் வினைப்பயன் என்று சொல்லிக் கடந்துபோகும் மனப்பாங்கும் உடன் வளர்கிறது. பொருளாசையால் வரும் தன்னலத்தினும் இது கொடியது. பொருளாசை கொண்டவன் என்றேனும் நாணக்கூடும். இத்தன்னலமோ தன்னைத் தவமென்றே நம்பியிருக்கிறது.

வள்ளலார் இராமலிங்க அடிகள் காட்டிய நெறி வேறு. 1865ஆம் ஆண்டு சன்மார்க்கச் சங்கத்தை நிறுவிய அவர், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வந்தோர்க்குச் சாதியும் சமயமும் வினவாமல் அங்கே உணவளிக்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சோதி வழிபாட்டுக்குரிய சத்திய ஞானசபை எழுந்ததோ 1872இல். பசித்தவர்க்குச் சோறிட்ட பின்னரே வழிபாட்டுக்குச் சபை எடுப்பித்தார். அந்த முறைவைப்பிலேயே அவர் நெறியின் உயிர் இருக்கிறது.

வங்கத்திலும் இந்நெறிக்குச் சான்றுண்டு. துறவிக்கு மக்கட்பணி எதற்கு என உடன்துறவியர் சிலரே ஐயுற்ற காலத்தில், விவேகானந்தர் இராமகிருஷ்ண இயக்கத்தைத் தொண்டுநெறியில் நிறுத்தினார். 1898இல் கொல்கத்தாவைப் பிளேக் அச்சுறுத்தியபோது, பணிக்குப் பணம் இல்லையெனில், மடத்துக்கென்று அண்மையில் வாங்கிய பேலூர் நிலத்தை விற்கவும் அவர் துணிந்தார்.

அகத்தூய்மையின்றிச் செய்யும் தொண்டு ஆரவாரமாய் முடியும் என்பர் சிலர். மெய்தான். ஆனால் வள்ளலாரும் விவேகானந்தரும் தவத்தைக் கைவிட்டவர் அல்லர். பிறர் துயர் கண்டு உருகும் நெஞ்சமே தவம் கனிந்ததற்கு அடையாளம் என வாழ்ந்து காட்டினர். உருகாத நெஞ்சத்தோடு ஆயிரம் நாள் கண்மூடி அமர்ந்தாலும் விளைவது தற்பெருமையே.

எனவே, புதிய கூடத்துக்குக் கால்கோள் இடுமுன் ஒவ்வோர் இயக்கமும் தன் ஊரின் பசியையும் பிணியையும் கணக்கெடுக்கட்டும். திரளும் காணிக்கையில் எத்துணைப் பங்கு எளியோரைச் சென்றடைகிறது என்பதை அடியார்க்கு வெளிப்படையாய் அறிவிக்கட்டும். அடியார்களும் அதனைக் கேட்டறிய அஞ்சவேண்டா. தன் வாயிலில் நிற்கும் பசித்தவனை விலக்கிவிட்டு இறைவனைத் தேடும் இயக்கம், எத்துணைப் பெரிதாயினும், அருள்நெறி எனப்படும் தகுதி உடையதன்று.