குப்பைக்குச் சட்டம் வேண்டும், ஆனால் யாருக்கு?

வீட்டுக் குப்பையைத் தரம்பிரித்துக் கொடுப்பதைச் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டுமா? இந்தக் கேள்வி நம் நாட்டில் அடிக்கடி எழுகின்றது. "வீட்டுக்குள் நடப்பதிலும் அரசாங்கம் தலையிடுவதா?" என்பார் சிலர். "தண்டம் அறவிட்டால்தான் எங்கள் சனம் திருந்தும்" என்பது மற்றவர்களின் வாதம். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அப்படியொரு சட்டம் வந்தால் அதை நாள்தோறும் நிறைவேற்றப் போவது அநேகமாக அந்த வீட்டுப் பெண்தான். ஆகவே இதுபற்றி நாம்தான் முதலில் பேச வேண்டும்.

வீட்டுக் குப்பை வீட்டுப் படலையோடு முடிந்துபோகும் விடயமல்ல. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மேட்டில் கிடந்தது கொழும்பு நகரின் வீடுகளிலும் கடைகளிலும் ஒன்றாக முடிந்து எறியப்பட்ட சாதாரண குப்பைதான்.

நம் வீடுகளில் சேரும் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியது. மரக்கறித் தோல், மீன் செதில், மிஞ்சிய சோறு, தேயிலைச் சக்கை, முற்றத்துச் சருகு எல்லாம் இதில் அடங்கும். இவற்றைத் தனியே குழியில் இட்டால் சில மாதங்களில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளை. பொலித்தீன் பைக்குள் கட்டி மேட்டில் எறிந்தாலோ, காற்றின்றி அழுகித் தீப்பற்றக்கூடிய மெதேன் வாயுவை உண்டாக்கும். வடியும் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும். சுண்ணாம்புக் கற்பாறையின் மேல், கிணற்றை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தவருக்கு இதன் ஆபத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டுக்குள் சட்டம் நுழைவதும் புதிதல்ல. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் 2007 இல் வந்தது. வளவில் கிடக்கும் சிரட்டையிலோ யோகட் கோப்பையிலோ நுளம்புக் குடம்பி இருந்தால் வழக்குத் தொடரலாம். அயல்வீட்டுப் பிள்ளையின் உயிரைக் காக்க இது தேவை என்பதை நாமும் ஏற்றுக்கொண்டோம். குப்பைக்கும் இதே நியாயம் பொருந்தும்.

எனினும் கடதாசியில் இருக்கும் சட்டம் குப்பையை அள்ளாது. 2017 செப்டெம்பரில் லன்ச் ஷீற்றுக்கும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும் தடை வந்தது. பிளாஸ்ரிக் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதும் தடைசெய்யப்பட்டது. ஆனால் மாலையானதும் வளவு மூலையில் சருகோடு பொலித்தீனும் எரிவதை இன்றும் காண்கிறோம். அந்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அருகில் நிற்கும் தாயும் பிள்ளைகளுமே. குப்பை லொறி வராத ஒழுங்கையில் அவளுக்கு வேறு என்ன வழி? லொறி வரும் இடங்களிலும், வீட்டில் மூன்று பையாகப் பிரித்துக் கொடுத்ததை ஒரே பெட்டியில் கொட்டிச் சென்றால், அடுத்த கிழமை யார் பிரிப்பார்?

தென்கொரியா இவ்விடயத்தில் நல்ல உதாரணம். அங்கு 1995 முதல், உள்ளூராட்சி விற்கும் பையை வாங்கித்தான் குப்பையைப் போட வேண்டும். மீள்சுழற்சிக்கான போத்தல், ரின், கடதாசியைப் பிரித்து வைத்தால் பணமின்றி எடுத்துச் செல்வர். 2003 இல் உற்பத்தியாளர்கள் மேல் மீள்சுழற்சிப் பொறுப்பு சுமத்தப்பட்டது. 2005 இல் உணவுக் கழிவை நேரே நிலத்தில் புதைப்பது தடைசெய்யப்பட்டது. வீட்டாரிடம் கேட்டதைப் போலவே சபையிடமும் கொம்பனிகளிடமும் கேட்டார்கள்.

நமக்கும் அந்த ஒழுங்குதான் வேண்டும். முதலில் சட்டம் உள்ளூராட்சி சபையைக் கட்டுப்படுத்தட்டும். குறித்த நாளில் லொறி வர வேண்டும். பிரித்ததைப் பிரித்தே ஏற்ற வேண்டும். பசளையாக்க இடமில்லாத தொடர்மாடிகளுக்கும் லொறி எட்டிப் பார்க்காத தோட்டத்து லயன்களுக்கும் பொது ஏற்பாடு வேண்டும். சனிற்றரி நப்கின், பிள்ளைகளின் பம்பர்ஸ் ஆகியவற்றைச் சேர்க்கும் முறை வேண்டும். இரண்டு வாளித் திட்டம் போடுபவர்கள் இதை நினைப்பதேயில்லை. அடுத்து, பிளாஸ்ரிக் போத்தலையும் பக்கற்றையும் சந்தைக்கு அனுப்பும் கொம்பனிகள் அவற்றைத் திருப்பி எடுக்கும் செலவை ஏற்கட்டும். இவை நடந்த பின்னர் வீட்டுக்குத் தண்டம் வரட்டும். முதல் தடவை எச்சரிக்கை, பிறகு தண்டம் என்பதே நியாயம்.

வீட்டிலும் ஒரு சட்டம் தேவை. போத்தலைக் குடித்தவர் கழுவி வைக்கட்டும். உடைந்த கண்ணாடியைக் கடதாசியில் சுற்றித் தனியே வைப்பதை மகனும் பழகட்டும். குப்பை அள்ளும் தொழிலாளியின் கை கிழிபடாமல் இருப்பது இதில்தான் தங்கியுள்ளது. இதுவும் அம்மாவின் வேலைப் பட்டியலில் இன்னொரு வரியாகச் சேர்ந்தால், அது மீள்சுழற்சி அல்ல, மீண்டும் ஒரு சுமை.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. 2025 மே தேர்தலிலும் பெண்கள் சபைகளுக்குச் சென்றுள்ளனர். உங்கள் வட்டாரத்துப் பெண் உறுப்பினரை மாதர் சங்கக் கூட்டத்துக்கு அழையுங்கள். எந்த நாளில் லொறி வரும், பிரித்த குப்பை எங்கே போகிறது, நப்கினுக்கு என்ன வழி என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதிலைக் கூட்ட அறிக்கையில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்திலும் அதையே கேளுங்கள்.